ஏறும், இறங்காது

பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், அடுக்குமாடிகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட சில கராஜ்கள் இன்னும் தாக்குப்பிடித்து நிற்கின்றன. நான் போனது அப்படியொன்றுக்கு. உள்ளே மூன்று கார் நிற்கும். நாலாவது வந்தால் தெருவில்தான். எஞ்சின், டின்கரிங் ஒன்றும் கிடையாது. வயரிங் வேலை மட்டும். ஹோர்ன் அடிக்காது, சிக்னல் மின்னாது என்று வருகிறவர்களை விட, பவர் ஷட்டர்க் கண்ணாடி மேலே ஏறாமல் மழைக்குப் பயந்து ஓடி வருகிறவர்கள்தான் அதிகம்.

இதற்கு நாட்டு நிலைமையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் நடுத்தரக் குடும்பம் பழைய காரின் சாவியையே திரும்பக் கையில் எடுக்கும். ஆகவே தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் கார்கள் இன்னும் ஓடுகின்றன. எஞ்சினைப் பார்த்துப் பார்த்து ஒயில் மாற்றுகிறவர்கள், கதவுக்குள் இருக்கும் வயருக்கும் ரப்பருக்கும் அதே வயது ஆகிறது என்பதை நினைப்பதில்லை. பம்பலப்பிட்டியில் அதோடு கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். செம்பு எங்கே வெளியே தெரிகிறதோ அங்கே பச்சைக் களிம்பு பிடித்துவிடும்.

அங்கே வேலை பார்க்கும் பாஸ் பொகவந்தலாவையில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கொழும்புக்கு வந்து, பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் நின்று தொழில் பிடித்தவர். முன்கை இரண்டிலும் மெல்லிய வெள்ளைத் தழும்புகள். கார்க் கதவின் உட்தகரத்தில் வெட்டியிருக்கும் ஓட்டைகளின் விளிம்பு கையைக் கிழித்துவிடும். இப்போது பழைய ரப்பர் ஹோஸை நீளவாக்கில் கீறி அந்த விளிம்பில் செருகிய பிறகே கையை உள்ளே விடுகிறார். உதவிக்கு நிற்கும் பொடியன் அதை மறந்தால் ஏச்சு விழும். “எனக்கு யாரும் சொல்லித் தரல்ல. இவனுக்குச் சொல்ல ஆளிருக்கு, இவன் கேட்க மாட்டேங்கிறான்.”

அன்று காலை வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். இடப்பக்க முன் ஷட்டர் வேலை செய்யவில்லை. வேறோர் இடத்தில் மோட்டர் போய்விட்டது என்று சொல்லி, செக்கன்ஹேண்ட் மோட்டர் ஒன்றும் மாற்றியாயிற்று. பிறகும் அதே கதை.

“தம்பி, அவங்கள் போட்ட மோட்டரும் பழுது போல. வேற ஒண்டு பாத்துப் போடுங்கோ.”

“இருங்க ஐயா, மொதல்ல என்ன செய்யுதுன்னு பார்ப்போம்.”

கதவைக் கழற்றுவார் என்று பார்த்தேன். கழற்றவில்லை. சாவியைத் திருப்பிவிட்டு இடப்பக்கக் கதவில் இருக்கும் பட்டனை இழுத்தார், கண்ணாடி ஏறியது. அமுக்கினார், இறங்கவில்லை. டிரைவர் பக்கத்து மாஸ்டர் சுவிட்சில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “ஏறத் தெரிஞ்ச மோட்டருக்கு இறங்கத் தெரியாதா?” என்றார், யாரையும் பார்க்காமல்.

அந்தக் கால ஜப்பான் கார்கள் பலவற்றில் ஷட்டர் மோட்டருக்கு இரண்டே வயர். 12 வோல்ட் ஒன்றில் வந்தால் ஏறும், மற்றதில் வந்தால் இறங்கும். வந்த மின்சாரம் மற்ற வயர் வழியாகத் திரும்பி எர்த்துக்குப் போக வேண்டும். சூட்சுமம் இந்தத் திரும்பும் பாதையில் இருக்கிறது. இடப்பக்கப் பட்டனை அமுக்கினாலும் மின்சாரம் திரும்புவது டிரைவர் கதவிலுள்ள மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான். அந்த இரண்டு வயரில் ஒன்று வழியில் எங்கேயோ அறுந்தால், இடப்பக்கப் பட்டனில் ஒரு திசை மட்டும் மிஞ்சும். மாஸ்டர் சுவிட்சில் ஒன்றும் மிஞ்சாது. பாஸ் இதை எனக்குப் படம் போட்டு விளக்கவில்லை. டிரைவர் கதவை மெல்லத் திறந்துகொண்டே பொடியனை இடப்பக்கப் பட்டனை அமுக்கச் சொன்னார். கதவு பாதி திறந்த இடத்தில் கண்ணாடி சரசரவென்று இறங்கியது.

ஆசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “இந்தக் கதவைத் துறந்தா அந்தக் கண்ணாடி ஏன் இறங்குது?”

கதவுக்கும் பொடிக்கும் நடுவே, பிணைச்சல் பக்கத்தில், மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு. டிரைவர் கதவின் எல்லா வயரும் அதற்குள்ளால்தான் போகின்றன. காரில் மற்றக் கதவுகள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், டிரைவர் கதவு திறக்காமல் வண்டி ஓடாது; அதனால் அதிகம் மடிவதும் அந்தக் குழாய்தான். பாஸ் அந்த ரப்பரை விலக்கி வயர்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் எலும்பு இல்லாததுபோல் தொய்ந்தது. மேல் உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு ஏறக்குறைய எல்லாம் முறிந்து, ஓரிரு இழை மட்டும் தொட்டும் தொடாமலும்.

இந்த இடத்தில் மீட்டரை நம்பக் கூடாது என்கிறார். ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 என்று காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அற்பம். அவரிடம் இருப்பது 21 வாட் பிரேக் பல்பில் இரண்டு வயர் ஒட்டிய ஒரு பழைய சாமான். அதை வைத்தபோது பல்ப் மங்கலாகச் சிவந்து அணைந்தது. பல்பையே எரிக்க முடியாத வயர் மோட்டரை எங்கே சுழற்றப் போகிறது.

முறிந்த இடத்திலேயே முறுக்கி, ஈயம் பற்றவைத்து டேப் சுற்றினால் வேலை பத்து நிமிஷம். பாஸ் அப்படிச் செய்வதில்லை. ஈயம் பற்றவைத்த இடம் விறைத்துவிடும், விறைத்த இடம் மடிந்தால் திரும்ப முறியும். ஆகவே மடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி வெட்டி, நடுவில் இளகிய புது வயர்த் துண்டு வைத்து, மூட்டு இரண்டையும் ரப்பருக்கு வெளியே கொண்டுபோனார். பக்கத்தில் இருந்த மற்ற வயர்களையும் அதே மாதிரி மாற்றினார். “இன்னிக்கு இது, அடுத்த மாசம் பக்கத்து வயரு. ஐயா திரும்ப வந்து என்னையத்தான் ஏசுவார்.”

நான் அங்கே இருந்த வேளையில் எல்லாம் வயர்க் கோளாறாக இருக்கவில்லை. ஒரு வானில் கண்ணாடியைத் தூக்கும் கேபிள் அறுந்து, கண்ணாடி கதவுக்குள் விழுந்து கிடந்தது. யாரோ மரத்துண்டு அடைத்து நிறுத்தி ஓட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் மோட்டரே போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவும் கதவைக் கழற்றவில்லை. பட்டனை அமுக்கும்போது கூரை லைட் கொஞ்சம் மங்கினால் மின்சாரம் மோட்டர் வரை போகிறது, மோட்டர்தான் சுழலவில்லை என்று அர்த்தம்; அமுக்கியபடி கதவில் ஒரு தட்டுத் தட்டியதும் ஓடினால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது.

சுவிட்ச் இறுகினால் கைக்குக் கிடைத்த ஸ்ப்ரேயை அடிக்கும் பழக்கம் அவருக்குப் பிடிக்காது. பிடிக்காததில் நியாயம் இருக்கிறது. 2012 ஒக்டோபரில் டொயோட்டா நிறுவனம் உலகம் முழுக்க 74 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தது இந்த மாஸ்டர் சுவிட்ச் காரணமாகத்தான். தயாரிப்பின்போது உள்ளே கிரீஸ் சீராகப் பூசப்படவில்லை. கடையில் விற்கும் எண்ணெய்களை அதில் விட்டால் சுவிட்ச் உருகிப் புகை வரலாம் என்று நிறுவனமே எச்சரித்தது.

வேலை முடிந்து பாஸ் தொகையைச் சொன்னதும் ஆசிரியர், “ரெண்டு முழ வயருக்கோ தம்பி?” என்றார். மோட்டர் மாற்றிய இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். அங்கே கையில் பிடித்துப் பார்க்க ஒரு சாமான் இருந்தது. கண்டுபிடிக்கிற வேலைக்கு நம்மவர்களிடம் விலை கிடையாது. அதனால்தான் பல கராஜ்களில் கண்டுபிடிக்க மினைக்கெடாமல் மாற்றிவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாஸ் பதில் பேசாமல், வெட்டி எடுத்த வயர்த் துண்டை ஆசிரியர் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னார். ஆசிரியர் வளைத்துப் பார்த்தார். பிறகு காசை எண்ணினார்.

“பின்பக்கக் கண்ணாடி கொஞ்சம் சுணங்கித்தான் ஏறுது ஐயா. மோட்டரு நல்லம், ஓடுற ரப்பருதான் காஞ்சிருக்கு. எஞ்சின் ஒயில் விட்டுறாதீங்க, ரப்பர் ஊதிப்போகும். பஞ்சிகாவத்தைக்குப் போனா பழைய ரப்பர்ல ஒரு சாண் வெட்டிக் கையோட கொண்டு போங்க. வாயால சொன்னா வேற சைஸைக் கட்டிக் குடுத்துருவாங்க.”