கோச்சி யாருக்காக நிற்கிறது?

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு சின்ன ரயில் பாதை இருந்தது. 1904இல் இராகலையை எட்டிய அந்தப் பாதையில் நுவரெலியாவுக்கு அப்பாலுள்ள பகுதி 1940இலும், எஞ்சியது 1948இலும் மூடப்பட்டன. அழகில் அது எதற்கும் குறைந்ததல்ல. தேயிலைப் பெட்டிகள் லொறிக்கு மாறியபின் அதைக் காப்பாற்றச் சனங்களின் பயணம் மட்டும் போதவில்லை. ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க உலகமே வருகிறது, பதுளைப் பாதைக்கு இனி ஆபத்தில்லை என்று நம்புகிறவர்கள் இராகலையை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1924இல் பதுளையை எட்டிய பாதையும் தோட்டங்களின் சரக்குக்காகவே போடப்பட்டது. தெமோதரையில் அதன் பாடு கண்கூடாகத் தெரியும். நிலையத்தை விட்டுப் புறப்படும் கோச்சி மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து வெளியே வருகிறது. தேயிலையைக் கொழும்புக்குச் சேர்க்க இவ்வளவு மெனக்கெட்டார்கள். ஆனால் அந்தத் தண்டவாளத்தோடு பிணைந்து போனது லயத்துச் சனங்களின் வாழ்க்கை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின், பிறந்த மண்ணை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போனவர்களை ஏற்றிய வண்டிக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று ஒருவர் கையை ஒருவர் விடாமல் அழுதார்கள். உறவைப் பிரித்த அதே ரயில்தான், தங்கியவர்களை ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கொண்டுபோனது. இவ்வளவு கொடுத்த சனங்களுக்கு அதில் உரிமை இருக்கிறது.

ரயில் நட்டத்தில் ஓடுகிறது, பஸ் சீக்கிரம் போகிறது என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் வீதியும் அரசாங்கப் பணத்தில்தான் போடப்படுகிறது. அதை யாரும் நட்டம் என்று எழுதுவதில்லை. பஸ் வேகமானதென்றாலும், மரக்கறி மூட்டையோடு வருபவருக்கும் நோயாளிக்கும் மூன்றாம் வகுப்புப் பெட்டி தரும் இடத்தை அது தருமா? இதல்கஸ்ஹின்ன போன்ற நிலையங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எத்தனை பேருக்கு நல்ல வீதி இருக்கிறது? உல்லாசப் பயணிகளின் பணம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அது பாதைக்குப் பலம். ஆனால் முன்பதிவு ஆசனங்களை மட்டும் வைத்து நேரசூசி போட்டால், சின்ன நிலையத்துக்காரர் தானாகவே பஸ்ஸுக்குப் போய்விடுவார். பிறகு, ஏறுவதற்கு ஆளில்லை என்று அந்த நிலையத்தை மூடச் சிரமமிருக்காது. சனங்களை முதலில் விரட்டிவிட்டுப் பிறகு ஆளில்லையென்று சொல்வது நியாயமல்ல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தன. பாதையைச் சீராக்குவதோடு அதிகாரிகளின் கடமை முடிந்துவிடாது. உடுவரை, ஹீல்ஓயா, கினிகம போன்ற இடங்களில் காலையில் கோச்சி நிற்க வேண்டும். பள்ளிக்கூடம், கச்சேரி முடியும் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். முன்பதிவில்லாத பெட்டிகள் குறையக் கூடாது. இந்த மூன்றையும் தோட்டச் சனங்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.