படர்க்கையில் சேராதவர்

இலக்கணம் படித்தவர்களுக்கு மூவிடம் தெரியும். பேசுபவர் தன்மை, கேட்பவர் முன்னிலை, பேசப்படுபவர் படர்க்கை. இந்த மூன்றுக்குள் உலகத்து மாந்தர் அனைவரும் அடங்கிவிடுவர் என்றே வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். மோட்டார் காப்பீட்டுத் தாளிலும் இதே மூவிடம் உண்டு. வண்டிக்காரர் தன்மை. காப்பீட்டு நிறுவனம் முன்னிலை. அந்த வண்டியால் அடிபடக்கூடிய, பெயரும் முகமும் அறியாத யாரோ ஒருவர் படர்க்கை. முகவர்கள் 'தேர்ட் பார்ட்டி' என்று சொல்வது இவரைத்தான்.

இம்மூவரிலும் சேராத ஒருவர் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார் என்பது, எங்கள் மாமனாரின் காருக்குக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கியபோது தெரியவந்தது.

மாமாவுக்கு 71 வயது. முப்பது ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்தவர். அண்ணா சாலை நெரிசலில் கைபழகிய ஓட்டம். ஓய்வுக்குப் பின் அத்தையோடு ஆரணிக்கே திரும்பிவிட்டார். ஒன்பது வயதான சிறிய கார். மருத்துவரைப் பார்க்க வேலூர், மூத்த மகளைப் பார்க்கச் சென்னை என்று இன்னும் அவரே ஓட்டுகிறார். வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர், அப்பா இனி ஓட்டவே வேண்டாம் என்கிறார். "ஓட்டாதே என்பவர்கள் யாரும், பிறகு எங்கே போவாய், எப்படிப் போவாய் என்று கேட்பதில்லை மாப்பிள்ளை" என்பது மாமாவின் பதில். ஆனால் காப்பீடு என்று வந்தபோது அவரே சிக்கனக்காரர் ஆனார். "பழைய வண்டி. தேர்ட் பார்ட்டி மட்டும் போதும். வண்டி போனால் போகட்டும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆகவே உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

படர்க்கைக்கான காப்பு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2094 ரூபாய்; 1500 சிசி வரை 3416; அதற்கு மேல் 7897. எஞ்சினின் அளவைத்தான் கேட்கிறார்கள், ஓட்டுபவரின் வயதை அன்று. பிரிட்டன் போன்ற நாடுகளில் வயது பிரீமியத்தைப் பெரிதும் அசைக்கும். இங்கே இருபதும் எழுபதும் ஒரே விலை. முதியவருக்கு அது ஒரு மரியாதைதான்.

ஆனால் உரிமம் வயதைக் கேட்கும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின், 55 வயதைக் கடந்தவருக்கு ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிப்பு. மருத்துவச் சான்றும் தேவை. உரிமம் காலாவதியான நிலையில் விபத்து நேர்ந்தால் அடிபட்டவர் கைவிடப்படுவதில்லை. நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற நெறியை 2004இல் உச்ச நீதிமன்றம் விளக்கிச் சொன்னது. அப்படி வசூலிக்க வந்தால் ஓய்வூதியக் குடும்பம் தாங்காது. மாமாவின் உரிமத்தில் முடிவு நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தோம்.

அடுத்தது பிறர் உடைமை. 1988 சட்டத்தின் மூல வடிவில் இதற்கான கட்டாய வரம்பு வெறும் 6000 ரூபாய். தனியார் கார் பாலிசியில் வழக்கமாக இது ஏழரை லட்சம். பிரீமியத்தில் ஒரு சிறு கழிவுக்காக அதை 6000க்குச் சுருக்கிக்கொள்ளும் வழியும் இருந்துவந்தது. நெசவாளர் தெருக்களில், வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டிச் சீர் செய்வதைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஒரு சக்கரம் பிசகினால் அறுவது நூல் மட்டுமல்ல; ஒரு குடும்பத்தின் பல வாரக் கூலி. ஆரணியில் கார் வைத்திருப்பவர் அந்தக் கழிவை நினைத்தும் பார்க்கக் கூடாது.

பிறகு வண்டிக்கு நேரும் சேதம். இதன் விலையை 2007 முதல் நிறுவனங்களே வகுத்துக்கொள்கின்றன. ஐடிவி எனப்படும் வண்டி மதிப்பு ஐந்தாம் ஆண்டுக்குள் பாதியாகிவிடும். அதன் பிறகு இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. க்ளெய்மே கேட்காதவருக்கு நோ க்ளெய்ம் போனஸ் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும். மாமா ஐம்பதில் இருக்கிறார். முதிய ஓட்டுநர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது, வண்டியை நிறுத்தும்போது பம்பரில் உராய்வது போன்ற சில்லறைக் காயங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் பாகத்தின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். நாம் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1000 ரூபாய் தனி. போனஸும் போய்விடும். இத்தகைய காயங்களுக்கு க்ளெய்ம் கேட்பதில் பயனில்லை. பெருவெள்ளத்துக்கோ பயனுண்டு, அங்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் நீருக்குள் நின்ற வண்டியைச் சாவி போட்டு முடுக்கியவர்கள் பலர். அப்படி எஞ்சின் பழுதானால், எஞ்சினுக்கென்று தனிக் காப்பு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு பொதுவாகக் கிடைக்காது.

இதுவரைக்கும் மாமா சொன்னதே சரி. வண்டியை மட்டும் கணக்கில் கொண்டால் முழுக் காப்பீட்டால் பெரிய லாபமில்லை.

ஆனால் முன்னிருக்கையில் அத்தை இருக்கிறார். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில், தனியார் காருக்குள் பயணம் செய்பவர் அந்த மூன்றாம் ஆள் என்ற கணக்கில் வருவதில்லை. முழுமையான பாலிசியாக இருந்தால்தான் உள்ளே இருப்பவருக்கும் நிறுவனம் பொறுப்பேற்கும் என்ற வேறுபாட்டை 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சாலையில் போகும் முன்பின் அறியாதவருக்குக் காப்பு உண்டு. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. நாற்பத்தைந்து ஆண்டுகளாக அருகில் அமர்ந்து வருபவருக்கு மட்டும் எதுவுமில்லை. அவர் தன்மையும் அல்லர், முன்னிலையும் அல்லர், படர்க்கையும் அல்லர்.

இதைச் சொன்னதும் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "முழுசாவே எடுத்துடலாம்" என்றார்.

முழுமையான பாலிசி, அளவான ஐடிவி, எஞ்சினுக்குக் காப்பு, பயணிகளுக்கான விபத்துக் காப்பு என்று முடிவாயிற்று. தேர்ட் பார்ட்டியைவிடச் சில ஆயிரம் கூடுதல். எந்தப் பாலிசியிலும் அச்சிடப்படாத இரண்டு நிபந்தனைகளை மாமா தாமாகவே சேர்த்துக்கொண்டார். இருட்டிய பின் ஓட்டுவதில்லை. பாவு கட்டியிருக்கும் நேரத்தில் நெசவாளர் தெருக்களுக்குள் போவதில்லை. மைத்துனருக்கு இது போதவில்லை; இன்னும் தொலைபேசியில் வாதிட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய அச்சத்திலும் நியாயம் உண்டு. காப்பீடு பணத்தைத் திருப்பித் தரும். பார்வையையோ அனிச்சையாகக் கால் பிரேக்குக்குப் போகும் வேகத்தையோ திருப்பித் தராது. அடுத்த மருத்துவச் சான்றின்போது அந்தப் பேச்சை மறுபடி எடுப்பதென்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

தாள் வந்ததும் அத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தார். "இதில் என் பேரு எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

"பேர் இல்லை அத்தை. பயணிகள் என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். அதில் இருக்கிறீர்கள்" என்றோம்.

அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, தாளை மடித்துப் பீரோவில் வைத்தார்.