இடது பக்கம்

பேரணாம்பட்டில் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பெரியவருக்கு வலது பக்கமாகத்தான் உட்காருவார்கள். இடது காதில் பேசினால் அவருக்குக் கேட்காது. இடது முட்டியும் சரியில்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் நேராக நிற்க அரை நிமிடமாவது ஆகும்.

முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். ஆம்பூர், குடியாத்தம், சில வருடங்கள் பத்தலப்பள்ளி மலைப்பாதை வழியாக வி.கோட்டா என்று ஓடாத ரூட் இல்லை. பழைய டீசல் பஸ்ஸில் இன்ஜின், டிரைவருக்கு இடது பக்கம்தான் இருக்கும். சத்தம் இடது காதில். சூடு இடது காலில். கிளட்ச் மிதிப்பதும் அதே கால். கியர் போடுவதும் இடது கை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் வண்டியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் மிதித்திருப்பார் என்று அவரே எண்ணியதில்லை.

காது டாக்டரிடம் போனபோது, “இத்தன வருஷ சத்தம், இனிமே திரும்பாது” என்று சொல்லிவிட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே டீக்கடையில் சொல்வது வேறு. “காது போனதும் இடது பக்கம், முட்டி போனதும் இடது பக்கம். ஆனா மாசாமாசம் பென்ஷன் வந்து உக்காருற பாக்கெட்டும் இடது பக்கம்தான்பா!”

போன மாதம் மகள் வீட்டுக்குச் சென்னை போயிருந்தார். பேரணாம்பட்டில் ரயில் நிலையம் கிடையாது. பஸ்ஸில் ஆம்பூர் போய், அங்கிருந்து ரயில். மகள் வீடு வியாசர்பாடிப் பக்கம். அங்கேதான் முதல்முதலாக எலெக்ட்ரிக் பஸ்ஸில் ஏறினார். 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி டிப்போவில் இருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. ஆகஸ்ட்டில் பெரும்பாக்கம் டிப்போவிலும் வந்துவிட்டன.

தாழ்தளப் படி. முட்டியைப் பிடிக்காமல் ஏறினார். அவர் பார்த்தது டிரைவரின் இடது காலை. அது சும்மா இருந்தது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. வண்டி கிளம்பியதே தெரியவில்லை. பின்னால் இரண்டு பெண்கள் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வந்ததுகூட அவருடைய வலது காதில் தெளிவாக விழுந்தது.

“இன்னா நைனா, பேசாம வர்ற?” என்றாள் மகள்.

“ஒண்ணும் இல்லமா. நம்ம காலத்துல இது இருந்திருந்தா உங்கம்மா என்கிட்ட கத்திப் பேச வேணாமேன்னு நெனச்சேன்.”

ஊர் திரும்பியதும் வீட்டில் இதே பேச்சு. மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான். மருமகளுக்கும் ஷூ கம்பெனி வேலைதான். காலையில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அன்றைக்குச் சம்பளம் போகும். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு பஸ் என்பது சோற்றுப் பிரச்னை.

மகன் கணக்குப் போட்டான். ஆம்பூருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். டீசல் பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் 4 லிட்டர். 350 ரூபாய்க்கு மேல் ஆகும். மின்சார பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட் என்றால் 25 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 250 ரூபாய். “ஆனா வண்டி வெல டீசல் வண்டியவிட ரெண்டு மடங்குக்கு மேல நைனா. சார்ஜ் போட டிப்போவையே மாத்தணும்.”

“மலையில ஏறுமாடா?” இதுதான் பெரியவரின் சந்தேகம்.

ஏறும். 2017-லேயே இமாச்சலப் பிரதேசத்தில் மணாலியில் இருந்து ரோதாங் கணவாய்க்கு மின்சார பஸ் விட்டார்கள். அது கடல் மட்டத்தில் இருந்து 13,000 அடி உயரம். மின் மோட்டாருக்கு நின்ற இடத்தில் இருந்தே இழுவை அதிகம். இறங்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜும் ஏற்றும். மலைப்பாதையில் செகண்ட் கியரில் உறுமிக்கொண்டு இறங்கியவருக்கு இது உடனே புரிந்துவிட்டது. “அப்போ எறக்கமும் சம்பாதிக்குதுன்னு சொல்லு!”

சீனாவில் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000-க்கும் அதிகமான பஸ்களை மொத்தமாக மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. மின்சாரம் தயாரிக்க நிலக்கரியும் எரிகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புகை, பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் முகத்தில் அடிப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு பெரியவர் ஒன்று கேட்டார். “அந்த வண்டி டிரைவருக்குச் சம்பளம் யாருடா குடுக்கறது?”

மகன் கொஞ்சம் தயங்கினான். அவனிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. அரசு பஸ் டிரைவர் வேலை கிடைக்குமா என்று பல வருடங்களாகக் காத்திருக்கிறான். சென்னையின் மின்சார பஸ்கள் ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. வண்டியும் பராமரிப்பும் டிரைவரும் தனியார் நிறுவனத்துடையது. கண்டக்டர் மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடும் கிலோமீட்டருக்குக் கணக்கிட்டு கழகம் பணம் தரும்.

“அப்போ பென்ஷன்?”

“கான்ட்ராக்ட்டுல ஏது நைனா பென்ஷன்?”

வீடு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. தோல் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சோறு போட்ட தொழிலே பாலாற்றுத் தண்ணீரையும் கெடுத்தது. அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, ஆறு பிழைக்க வேண்டும் என்றும் வேலை போய்விடக் கூடாது என்றும் ஒரே வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். இரண்டுமே நியாயம்தான்.

“அந்த வண்டி இங்கயும் வரட்டும்டா” என்றார் பெரியவர். “சென்னக்காரன் காது மட்டும்தான் காதா? ஆனா ஒண்ணு. என் காதும் முட்டியும் போச்சு, யார் கையையும் எதிர்பார்க்காம சாப்புடறேன். உனக்குக் காது, முட்டி ரெண்டும் மிஞ்சும். வயசான காலத்துல கையில என்னா மிஞ்சும்னு கேட்டுட்டு ஸ்டியரிங்க புடி.”

வாசலில் செருப்புச் சத்தம். வேலை முடிந்து மருமகள் வந்துவிட்டாள். வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வந்து குனிந்து கேட்டாள்.

“மாமா, டீ போடட்டுமா?”