வரவு செலவுத் திட்டத்தில் எமது ஒழுங்கையும் உண்டா?



வரவு செலவுத் திட்டம் என்றதும், கொழும்பில் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் வாசிக்கும் நீண்ட உரைதான் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் எமது ஒழுங்கைக்கு விளக்குப் போடுவதும், சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம் அமைப்பதும், மாரியில் வெள்ளம் நிற்கும் இடத்தில் வாய்க்கால் வெட்டுவதும் பெரும்பாலும் எமது ஊர்ச் சபையின் வேலைகள். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என மொத்தம் 17 சபைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் தனக்கென ஒரு வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. நாம் கட்டும் சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், அரசின் மானியம் எல்லாம் சேர்ந்த காசு அது.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். சனசமூக நிலையத்தில் பின்னேரம் கூட்டம் வைத்து, "என்ன தேவை?" என்று கேட்பார்கள். வருபவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். தனியாகக் குடும்பம் சுமக்கும் பெண்ணுக்கு அது அடுப்பு மூட்டும் நேரம், பிள்ளையை ரியூசனில் இருந்து கூட்டிவரும் நேரம். விளக்கு வேண்டும் என்று சொல்லப் போவதற்கும் விளக்கில்லாத ஒழுங்கையால்தானே போகவேண்டும்!

இந்த இடத்தில்தான் கைத்தொலைபேசி உதவுமா என்ற எண்ணம் எமக்கு வந்தது. கிராமமொன்றில் மாதர் சங்கத்துப் பெண்கள், சபையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த வரைபின் பக்கங்களைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் பகிர்ந்தார்கள். எழுதக் கூச்சப்பட்டவர்கள் குரல் பதிவாகப் பேசி அனுப்பினார்கள். இரவு ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் படுத்த பிறகு வந்த குரல்கள் அவை. எல்லோரிடமும் அந்த வகைத் தொலைபேசி இல்லை. ஆகவே உள்ள ஒருத்தி அயலில் இல்லாத நால்வருக்கு வாசித்துக் காட்டுவது என்று ஒழுங்கு செய்தோம். வரைபில் வீதிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எமது ஒழுங்கையின் பெயர் இல்லை. அதைக் கண்ட பிறகே, "ஏன் இல்லை?" என்ற கேள்வி பிறந்தது.

எழுத்தில் கேட்போம் என்றபோது ஓர் அம்மா மறுத்துவிட்டார். "எங்கட பேரை எழுதிக்கொண்டு போகாத ஆக்கள் ஆர் பிள்ளை? இனி ஒரு இடத்திலையும் நான் பேர் குடுக்கமாட்டன்." போருக்குப் பின் எத்தனை படிவங்கள், எத்தனை விசாரிப்புகள்! அந்தப் பயத்தை அறியாமை என்று எவரும் தள்ளிவிடக் கூடாது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இந்நாட்டுப் பிரசைகளாக உள்ள ஒரு சங்கமும் இதன் கீழ் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதிய வேண்டும். எனவே கடிதம் சங்கத்தின் பெயரில் போனது. சங்கத்துக்காகத் தலைவியும் செயலாளரும் ஒப்பமிட்டார்கள். மற்றவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஒழுங்கைக்கு விளக்குகள் சேர்க்கப்பட்டன. சந்தை மலசலகூடம் சேர்க்கப்படவில்லை. ஆனால் போதிய நிதி இல்லை என்ற காரணமாவது எழுத்தில் கிடைத்தது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மறுபடி கேட்கலாம் அல்லவா?

உலகில் இது புதிய விடயமல்ல. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்கள் அயல்தோறும் கூடி, நகரசபைப் பணத்தில் எந்த வேலை முதலில் நடக்கவேண்டும் என்று பேசித் தீர்மானித்தார்கள். அதே நாட்டின் பெலோ ஒரிசோன்ற்றே நகரம் 2006இல் இணையத்தின் வழியாகவும் வாக்களிக்க வைத்தது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் அதில் பங்குபற்ற முடிந்தது. ஆனால் பொத்தானை அமர்த்துவது வேறு, ஒருவர் குறையை மற்றவர் கேட்டுப் பேசுவது வேறு. அயலூரான கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், உள்ளூர்த் திட்ட நிதியில் 10 வீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதற்கு அடித்தளமாக இருந்தவை கிராம சபைக் கூட்டங்கள்.

ஆகவே தொலைபேசி மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அது செய்தியைக் கொண்டுவரும், எமது குரலைக் கொண்டுபோகும். அதைச் சுற்றி அமர்ந்து பேசவேண்டியவர்கள் நாமே. இன்னொன்றிலும் கவனம் வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையோ, வங்கி விபரத்தையோ, குடும்பத் துயரத்தையோ குழுவில் போடாதீர்கள். அங்கு போட்டது எங்கு போய்ச் சேரும் என்று எவருக்கும் தெரியாது.

2018 பெப்ரவரி 10இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில்தான் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. 2025 மே 6இல் நடந்த தேர்தலிலும் பெண்கள் தெரிவாகி உங்கள் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சங்கத்துக்கு அழையுங்கள். அடுத்த வரைபு எப்போது தயாராகும், எங்கே பார்க்கலாம் என்று கேளுங்கள். உங்களுக்கு அவசரமான மூன்று தேவைகளை ஒரு தாளில் எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொண்டு, சபையில் கையளியுங்கள். வரைபு வந்ததும் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.