டிரில் பீரியட்

பழைய விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தெருவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கிட்டிப்புள், கோலி, பம்பரம், பாண்டி என்று வரிசையாக வரும். முடிவில் கைப்பேசிக்கு நாலு திட்டு விழும். நானும் தெருவில் ஆடியவன்தான். ஆனால் தெருவின் மேல் எனக்கு அவ்வளவு ஏக்கம் இல்லை. தெரு இரக்கமில்லாத இடம். பெரிய பையன்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆள் பிரிப்பார்கள். நல்ல ஓட்டக்காரன் முதலில் போவான், கை வலுத்தவன் அடுத்துப் போவான். மிஞ்சுகிற பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் பிடித்ததில்லை. உயரமும் பலமும் வயதுக்குக் குறைவாக இருந்த நான் பல சாயங்காலங்கள் அந்தப் பதவியில் இருந்திருக்கிறேன்.

எனக்கு ஏக்கமெல்லாம் பள்ளிக்கூடத்து டிரில் பீரியட் மேல்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை, கடைசி மணி அடிப்பதற்கு முந்தைய அந்த முக்கால் மணி நேரம். அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார் என்கிற நகைச்சுவையோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அது உயர்நிலைப் பள்ளிக் கதை. சின்ன வகுப்புகளில் கணக்கும் டிரில்லும் ஒரே டீச்சர்தான். யாரிடமிருந்து யார் பிடுங்குவது?

எங்கள் பள்ளி திருச்செந்தூர்ப் பக்கம், தேரிமண் தொடங்குகிற இடத்தில் இருந்தது. மத்தியானத்தில் அந்தச் செம்மண்ணில் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால்தான் டிரில் கடைசி பீரியடுக்குத் தள்ளப்பட்டது என்று நினைக்கிறேன். வேப்பமர நிழல் அதற்குள் கிழக்கே நீண்டு, முன்திடலில் பாதியை மூடியிருக்கும். மைதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. பந்து ஒன்று இருந்தது, தலைமையாசிரியர் அறை பீரோவில். ஆய்வாளர் வருகிற நாளில் அதற்குக் காற்றடிப்பார்கள்.

டீச்சர் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவார். அதுதான் தொடக்கம். விசில் இல்லை, இரண்டு கைத்தட்டு. நாங்கள் உயர வரிசையில் நிற்போம். அட்டென்ஷன், ஸ்டாண்ட்டீஸ் எல்லாம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. பக்கத்து வகுப்புக்கும் தலைமையாசிரியருக்கும் காட்டவேண்டிய மரியாதை, அவ்வளவுதான். கையைப் பக்கவாட்டில் நீட்டி, மேலே தூக்கி, எட்டு எண்ணி முடித்ததும் குரல் மாறும்.

“எல்லாரும் இப்ப கொக்கு. ஒத்தக் கால்ல நிக்கணும். ஏலே, கொக்கு பேசுமால?”

கொக்கு பேசாது. நாற்பது கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கும். பிறகு தவளையாகித் தாவுவோம். கைகளைப் பின்னால் ஊன்றி, வயிற்றை வானத்துக்குக் காட்டி, நண்டாகப் பக்கவாட்டில் போவோம். நண்டு நடைதான் இருப்பதிலேயே கடினம். தோளும் தொடையும் சேர்ந்து இழுக்க வேண்டும், இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். யானைக்கு மூக்கைப் பிடித்த கைக்குள் இன்னொரு கையை நுழைத்துத் தும்பிக்கை. எல்லாம் விளையாட்டு என்றே நினைத்தோம். சமநிலைக்குக் கொக்கு, கால் வலுவுக்குத் தவளை, தோளுக்கு நண்டு, முதுகு வளைய யானை என்று அதில் ஒரு கணக்கு இருந்தது பிற்பாடுதான் புரிந்தது. உடற்கல்விக்காரர்கள் இதைப் பாவனைப் பயிற்சி என்பார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் ‘உட்கார்ந்து எழு, இருபது தடவை’ என்றால் நான்காவது தடவை அழுதுவிடும். தவளை என்று சொன்னால் வேலி வரைக்கும் போய்த் திரும்பி வரும்.

டீச்சருக்கு இது எங்கிருந்து வந்தது என்று பல காலம் கழித்து யோசித்தேன். அவர் விளையாட்டு வீராங்கனை இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்த சாதாரண இடைநிலை ஆசிரியை. அந்தப் பயிற்சியில் உடற்கல்விக்கும் பாடக்குறிப்பு எழுத வேண்டும். கூடிநிற்றல், உடலைச் சூடேற்றல், முறையான பயிற்சி, பிறகு குழு விளையாட்டு, கடைசியில் மறுபடி கூடிக் கலைதல் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. நம் ஊர்ப் பக்கம் இந்த வகைக் கல்வி வேரூன்றியதற்குப் பின்னால் ஓர் அமெரிக்கர் இருக்கிறார். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இப்போது நந்தனத்தில் இருக்கிற அதே கல்லூரிதான். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துப் போன மேலாளரும் அவரே. நந்தனத்தில் படித்தவர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் போனார்கள். அவர்களிடம் கற்றவர்கள் இன்னும் சின்ன ஊர்களுக்குப் போனார்கள். அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் அந்த வரிசை எங்கள் வேப்ப மரத்தடிக்கும் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒலிம்பிக்குக்கும் எங்கள் நண்டு நடைக்கும் இடையே இப்படி ஒரு தூரத்து உறவு இருக்கலாம் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கர்வமும் வருகிறது.

பயிற்சி முடிந்ததும் ஆட்டம். பூனையும் எலியும் ஆடுவோம். கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். உள்ளே எலி, வெளியே பூனை. எலி வந்தால் கையைத் தூக்கி வழிவிட வேண்டும், பூனை வந்தால் இறக்கி அடைக்க வேண்டும். பார்ப்பதற்கு ஓடுகிறவர்கள் இரண்டே பேர். ஆனால் ஆட்டம் இருப்பது வட்டத்தில்தான். எந்த இடைவெளியில் எலி நுழையப்போகிறது என்று நாற்பது பேரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்போம். ஓடவே வராத பிள்ளையும் அந்த வட்டத்தில் ஒரு கதவு. போலியோவில் கால் சூம்பிய பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். அந்தக் காலத்தில் அப்படிப் பலர் இருந்தார்கள். அவன் கையைத் தாண்டிப் போன பூனையை நான் பார்த்ததில்லை. தெருவில் அவனைக் கல் திண்ணையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

குளம் கரை இன்னும் எளிது. மண்ணில் ஒரு கோடு. ‘குளம்’ என்றால் முன்னே குதி, ‘கரை’ என்றால் பின்னே குதி. டீச்சர் ‘கரை, கரை, குளம், குளம், குளம்’ என்று ஏமாற்றிக்கொண்டே போவார். தவறியவர்கள் ஆட்டத்தை விட்டுப் போய் உட்கார வேண்டியதில்லை. டீச்சர் பக்கம் வந்து நின்று, அடுத்துத் தவறுகிறவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் அவுட்டாகிறவனுக்கு நடுவர் உத்தியோகம் அதிக நேரம். அதற்காகவே வேண்டுமென்று தவறுகிறவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட எனக்கு மறக்காதது நாயும் எலும்பும். இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். நடுவில் ஒரு செங்கல் துண்டோ கரும்பலகைத் துடைப்பானோ கிடக்கும், அதுதான் எலும்பு. எண்ணைக் கூப்பிட்டதும் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த எண்காரர்கள் வந்து எலும்பைச் சுற்றுவார்கள். எடுத்துக்கொண்டு தன் வரிசைக்கு ஓடினால் வெற்றி. எடுத்தவனை மற்றவன் தொட்டுவிட்டால் தோல்வி. அவசரப்பட்டு எடுக்கிறவன்தான் பெரும்பாலும் தோற்பான். எலும்பைப் பார்க்காமல் எதிராளியின் கண்ணைப் பார்க்கப் பழகியவன் ஜெயிப்பான்.

இதில் டீச்சர் செய்த ஒரு வேலை அப்போது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எண் கொடுப்பதற்கு முன்னால் வரிசைகளை அவர் கலைத்து அடுக்குவார்: நீ இங்கே வா, நீ அங்கே போ. சும்மா ஒழுங்குபடுத்துகிறார் என்று நினைத்தோம். உண்மையில் ஓட்டக்காரனுக்கு எதிரே ஓட்டக்காரன், மந்தமானவனுக்கு எதிரே மந்தமானவன், வெட்கப்படுகிற பெண்ணுக்கு எதிரே அவளைப் போலவே தரையைப் பார்த்து நிற்கிற இன்னொருத்தி என்று ஜோடி சேர்த்திருக்கிறார். எனக்கு எதிரே எப்போதும் என் உயரத்துக்காரன். நான் ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. ஆனால் என் எண் வந்தபோதெல்லாம் இரண்டு வரிசையும் என்னைப் பார்த்துக் கத்தியது. தெருவில் எனக்குக் கிடைக்காதது அது.

பெண்பிள்ளைகள் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட வேண்டியிருந்தது. முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து எச்சில். தண்ணீருக்கு ஒரே பானை, ஒரே தம்ளர். இவற்றுக்கெல்லாம் நான் ஏங்கவில்லை. ஆண்டுவிழா ஓட்டப்பந்தயத்துக்குக்கூட ஏக்கம் இல்லை. சுண்ணாம்புக் கோடு, எலுமிச்சை கரண்டி, சாக்கு ஓட்டம், மூன்று பேருக்கு எவர்சில்வர் தம்ளர், மற்றவர்களுக்குக் கைத்தட்டு. அது பெற்றோருக்காக நடந்தது.

இப்போது என் பேத்தி சென்னையில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். செயற்கைப் புல் திடல் இருக்கிறது, பயிற்சி பெற்ற பி.டி. சார் இருக்கிறார், அந்தந்த நாளுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ. குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஒரு நாள் கேட்டேன், இன்றைக்கு பி.டி.யில் என்ன செய்தீர்கள் என்று.

“எனக்கு டர்ன் வரல தாத்தா.”

விசாரித்தால், கூடைப்பந்து. ஒவ்வொருவராகப் போய்ப் பந்தை இரண்டு முறை தட்டி, கூடையை நோக்கி எறிந்துவிட்டு வரிசைக் கடைசியில் நிற்க வேண்டும். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். ஒருவருக்கு ஒரு நிமிடம் விழுகிறது. அதுவும் எல்லாருக்கும் எட்டவில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை வேலை வாங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவள் அந்த 40 நிமிடத்தில் வெயிலில் நின்றிருக்கிறாள், நல்ல ஷூ போட்டுக்கொண்டு. நன்றாக எறிகிற இரண்டு பிள்ளைகளை சார் குறித்து வைத்திருக்கிறாராம். அவர்களுக்குக் காலையில் தனிப் பயிற்சி. தெருவில் ஆள் பிரித்த பெரிய பையன்கள் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டார்கள் என்று தோன்றியது. சாரைச் சொல்லிக் குற்றமில்லை. வெற்றிக் கோப்பை கேட்கிறவர்கள் நாம்.

அரசுப் பள்ளிப் பக்கம் கதை வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள் தர வேண்டும் என்கிறது. உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று வரும்போது மட்டும், 100 பேருக்கு மேல் படிக்கிற பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புகளுக்கு என்று நின்றுகொள்கிறது. கொக்காக நிற்கிற வயதுக்காரர்கள் அந்த வரியில் இல்லை. வகுப்பு டீச்சர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர் இருக்கிற பள்ளியில், கல்வித் துறையின் எமிஸ் செயலியில் விவரம் ஏற்றிவிட்டு முந்தானையைச் செருக யாருக்கு நேரம் இருக்கும்? 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாட்டும் ஆட்டமும் நிறையவே இருக்கின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே குதிப்பது எண்ணைக் கற்றுக்கொள்ள, ஓடுவது எழுத்தைக் கண்டுபிடிக்க. எங்கள் தவளை எதையும் கற்றுக்கொள்வதற்காகத் தாவவில்லை.

போன கோடை விடுமுறையில் பேத்திக்கு நாயும் எலும்பும் சொல்லிக்கொடுக்கலாம் என்று குடியிருப்பின் கார் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் வயதுப் பிள்ளைகள் ஒருவர் ஸ்கேட்டிங் வகுப்பில், ஒருவர் அபாகஸில், மற்றவர்கள் ஊரில். என் கைக்குட்டையை எலும்பாகப் போட்டேன். அவளுக்கு ஐந்து, எனக்கும் ஐந்து என்று எண் கொடுத்தேன். விதிகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆறு அடி தள்ளிப் போய் நின்று, என்னையும் கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“ரெண்டே பேருக்கு எதுக்கு தாத்தா நம்பர்?”