டிரவுட் குஞ்சு விடுவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்போம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நுவரெலியாவில் இருப்பவர்கள் நேரம் எடுத்து முழுதாக வாசியுங்கள்.

ஏப்ரல் சீசன் கிட்ட வரும்போது ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். "கிரகரி வாவியில் திரும்பவும் டிரவுட் மீன்குஞ்சு விட்டால் என்ன? வெள்ளைக்காரன் காலத்தில் மாதிரி தூண்டில் போட ஆட்கள் வருவார்கள், நமக்கும் நாலு காசு கிடைக்கும்." சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கடை வைத்திருப்பவர்கள், அறை வாடகைக்குக் கொடுப்பவர்கள், வேன் ஓட்டுபவர்கள் என்று நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு மாத வருமானத்தை நம்பித்தான் மற்ற மாதங்களைத் தள்ளுகின்றன. அதனால் இந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் பழைய கதை. இந்த வாவி இயற்கையாக இருந்ததல்ல. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் கட்டியது. 1880களின் தொடக்கத்தில், இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் இதில் டிரவுட் மீன்களை விட்டார். மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தீவில் குளிர்நாட்டு மீன் வாழ முடிந்ததற்குக் காரணம் நம் ஊரின் உயரம்தான். ஏறக்குறைய 1,870 மீற்றர். வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. டிரவுட்டுக்குப் பிடித்தது 10 முதல் 16 பாகை வரையான தண்ணீர். 20ஐத் தாண்டினால் அது இரை எடுப்பதைக் குறைக்கும், சோர்ந்துபோகும்.

குளிர் மட்டும் அதற்குப் போதாது, ஒட்சிசனும் வேண்டும். கடல்மட்டத்தில் 10 பாகையில் உள்ள ஒரு லீற்றர் தண்ணீரில் 11 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரையும். 25 பாகையில் 8 அளவுதான் கரையும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் நம் வாவித் தண்ணீர் அதே குளிரில் உள்ள கடல்மட்டத் தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஒட்சிசனைத்தான் பிடித்துவைக்கும். இருப்பதே அளவாகத்தான் இருக்கிறது. அதிலும் கொஞ்சம் குறைந்தால் முதலில் போவது டிரவுட். கார்ப் மீன் சமாளித்துக்கொள்ளும். அது கலங்கிய தண்ணீரிலும் சேற்றைக் கிளறித் தின்னும்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார்: ஒரு நீர்நிலையை அறிய வேண்டுமானால் அதில் என்ன மீன் இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, என்ன மீன் இல்லாமல் போனது என்றும் கேள். அந்தக் கேள்வியோடு வாவியின் ஒரு வருடத்தைப் பாருங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி விழும் காலைகளில் தண்ணீர் நல்ல குளிராக இருக்கும். டிரவுட்டுக்கு ஏற்ற குளிர். ஆனால் அந்த மாதங்களில் மழை குறைவு, உள்ளே வரும் ஓடைத் தண்ணீர் குறைவு, பகலில் நல்ல வெயில். மரக்கறித் தோட்டங்களிலிருந்து வந்த பசளையும் வீட்டுக் கான்களில் வந்த சவர்க்காரத் தண்ணீரும் வாவியில் தேங்கி நிற்கும். மார்ச் ஆகும்போது தண்ணீர் பச்சை நிறமாகும். அது பாசி. பகலில் ஒட்சிசனை வெளிவிடும், இரவில் அதுவே ஒட்சிசனை இழுக்கும். செத்து அடியில் படிந்து அழுகும்போதும் ஒட்சிசனைத் தின்னும். மீனுக்கு மூச்சு முட்டும் நேரம் சுபஹுக்கும் சூரிய உதயத்துக்கும் இடைப்பட்ட நேரம். அந்த வேளையில் கரையில் நிற்கும் நமக்கு வாவி அழகாகத்தான் தெரியும்.

பிறகு ஏப்ரல். ஊர் நிரம்பி வழியும். அறைகளும் சமையலறைகளும் மலசலகூடங்களும் நிரம்பும். குதிரைச் சவாரியில் விழும் சாணமும் மழையோடு வாவிக்குத்தான் போகும்.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கும். பிதுருதலாகல மலையிலிருந்து வரும் தலகல ஓயா செம்மண் நிறத்தில் ஓடும். டிரவுட் வாவிக்குள் முட்டை இடாது. ஓடைக்கு ஏறி, ஓடும் தண்ணீரில், சரளைக் கல்லைக் கிளறிக் குழி பண்ணி அதில் இடும். கற்களுக்கு இடையில் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. சரிவில் உள்ள லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளின் மண் வந்து அந்தக் கல்லிடுக்கை அடைத்தால், முட்டை பொரிக்காது. எத்தனை ஆயிரம் குஞ்சு வாங்கி விட்டாலும் அவை தாமாகப் பெருக வழியில்லை. ஆசிரியரும் இல்லை, கூரையும் இல்லை என்ற பாடசாலைக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது போன்ற வேலை அது.

எங்கள் மாணவர்கள் வெள்ளைப் பூச்சு அடித்த தகர மூடி ஒன்றை நூலில் கட்டி, சாண் இடைவெளியில் முடிச்சுப் போட்டு, படகுத் துறையிலிருந்து இறக்கிப் பார்த்தார்கள். மூடி கண்ணுக்கு மறையும்வரை எத்தனை முடிச்சு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. ஜனவரியில் எண்ணிய முடிச்சுகளில் பாதியைக்கூட ஜூனில் எண்ண முடியவில்லை. ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இந்தத் தண்ணீர் இதற்குப் பிறகு எங்கே போகும்?" கரும்பலகையில் வரைந்து காட்டினோம். வாவியிலிருந்து நானுஓயா, அங்கிருந்து கொத்மலை ஓயா, பிறகு மகாவலி. கண்டியில் உள்ள நம் சொந்தக்காரர்களின் குடிநீர்க் குழாய்வரை அந்தக் கோடு போனது. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

டிரவுட்டைப் பெரிய அப்பாவி என்றும் நினைக்க வேண்டாம். ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வானவில் டிரவுட் நிலைத்துவிட்டது. அங்கே மட்டுமே வாழும் ஒரு சின்ன நன்னீர் இறால் இனத்துக்கு இன்று அதுவே ஆபத்து. உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. ஆகவே, வெளிநாட்டு மீனைத் திரும்பக் கொண்டுவருவது எங்கள் நோக்கமாக இருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. டிரவுட் வாழக்கூடிய அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதே நோக்கமாக இருக்கட்டும். அந்த மீன் நமக்கு ஓர் அளவுகோல், அவ்வளவுதான்.

பழைய பள்ளிவாசல்களில் ஹவுழில் மீன் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் ஓடித் திரிந்தால் மனதுக்குத் திருப்தியாக வுழூச் செய்வோம். ஒருநாள் அந்த மீன்கள் செத்து மிதந்தால் என்ன செய்வோம்? கடையில் புது மீன் வாங்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்போமா? தண்ணீரை இறைத்து, ஹவுழைக் கழுவி, எங்கிருந்து அழுக்கு வந்தது என்று தேடுவோம். வாவியும் ஊருக்கே பொதுவான ஒரு ஹவுழ்தான்.

சீசனுக்கு முன்னால் நம் கையால் ஆகக்கூடியவை சில உண்டு. தங்குமிடம் நடத்துபவர்கள் மலக்குழி நிரம்பி வழிவதற்கு முன்பே பவுசரை அழைத்து இறைத்துவிடுங்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பழைய எண்ணெயையும் மிச்சச் சோற்றையும் கானில் ஊற்றாமல் வேறாகச் சேருங்கள். தோட்டம் செய்பவர்கள் மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் பசளை போடாதீர்கள், ஓடைக்கரையோடு ஒரு பாகம் அகலத்துக்காவது புல்லை விட்டுவையுங்கள். மண் உங்கள் பாத்தியிலேயே நிற்கும், பசளைக் காசும் மிஞ்சும். வீட்டில் வளர்க்கும் தொட்டி மீன் பெருத்துவிட்டது என்று பாவம் பார்த்து வாவியில் விடாதீர்கள். தண்ணீர் பச்சையாக இருக்கும் நாட்களில் பிள்ளைகளை அதில் இறங்க விடாதீர்கள், அங்கே பிடித்த மீனையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். இப்படிப் பச்சை படரும் பாசிகளில் சில வகை நஞ்சு உண்டாக்கக் கூடியவை. பள்ளி நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு ஜும்ஆவிலாவது இந்த விஷயத்தைப் பேசச் சொல்லுங்கள்.

எங்கள் பங்குக்கு, ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மாணவர்கள் எண்ணும் முடிச்சுக் கணக்கை இங்கே போடுவோம். கூடினாலும் குறைந்தாலும் உள்ளபடியே போடுவோம். மீன்குஞ்சு விடுவதா இல்லையா என்ற பேச்சை அந்தக் கணக்கு ஏறத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள். குறிப்பாகத் தோட்டம் செய்கிறவர்களும் படகு ஓட்டுகிறவர்களும் எழுதுங்கள். தினமும் தண்ணீரைப் பார்ப்பவர்கள் நீங்கள்தான்.