விதைக்குத் தீட்டில்லை

சித்திரை பொறந்தா எங்க தோட்டத்துல வேலை ரெண்டு மடங்காயிடும். தோட்டம்னதும் பெரிசா நினைச்சுடாதீங்க. வங்கியில கடன் வாங்கி மூணு சென்ட் மனை வாங்கினோம். வீடு போக மிச்சம் முக்கால் சென்ட். அதுல கத்தரி, வெண்டை, கீரை, ரெண்டு வாழை, ஒரு முருங்கை. வேலியோரமா பரங்கிக் கொடி.

அக்கினி நட்சத்திரத்துல இதுங்களைக் காப்பாத்தறது லேசுப்பட்ட காரியமில்லை. பாத்திரம் கழுவின தண்ணி வாழைக்குப் போகும். அரிசி கழுவின தண்ணி கத்தரிக்கு. செடியோட அடியில சருகைப் போட்டு மூடி வைக்கணும், இல்லன்னா ஊத்தின ஈரம் ஒரு மணி நேரம் நிக்காது. உச்சி வெயில்ல தண்ணி காட்டக்கூடாது. விடிகாலையில ஊத்தணும், இல்லன்னா பொழுது சாஞ்சப்புறம். வெயில் ஏற ஏறப் பரங்கியில ஆண் பூவாத்தான் பூக்கும். பெண் பூ ஒண்ணு ரெண்டுதான் வரும். காலையிலேயே ஆண் பூவைப் பறிச்சு அதுல தடவிவிட்டாத்தான் பிஞ்சு நிக்கும். இதெல்லாம் எங்க அம்மா சொல்லிக் குடுத்தது.

அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. பன்னெண்டு வயசுல குனிஞ்சவங்க, முதுகு நிமிராமப் போற வரைக்கும் ஊர்க்காரங்க கழனியில நாத்து நட்டாங்க. எத்தனை ஏக்கர் நட்டிருப்பாங்கன்னு கணக்கில்லை. அதுல ஒரு சாண் அவங்களுது இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த புதுசுல கத்தரி நாத்து வாங்கியாந்தேன். என் கையிலிருந்து பிடுங்கிக்கிட்டுத் தானே நட்டு முடிச்சாங்க. எழுந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "இதுக்குக் கூலி யாருடி குடுக்கறது?" ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் பேசல.

எங்களுக்கும் ஒரு காலத்துல மண்ணு இருந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எங்க சனங்களோட நிலைமையைப் பத்தி ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் நிலம் ஒதுக்கி அரசாணை வந்தது. வேற சாதிக்காரங்களுக்கு விக்கக்கூடாதுங்கறது அந்த நிலத்தோட நிபந்தனை. அதைத்தான் பஞ்சமி நிலம்னு சொல்றோம். எங்க தாத்தாகிட்ட இருந்த ஒரு ஏக்கர், பஞ்சத்துல வாங்கின ரெண்டு மூட்டை நெல்லுக்காக ஊர்க்காரர் ஒருத்தர் கைக்குப் போயிடுச்சு. தாத்தா வச்சது கைநாட்டு. நிபந்தனையைப் படிச்சுச் சொல்ல ஆளில்லை. 1994 அக்டோபர் 10 அன்னிக்கு, காரணை பஞ்சமி நிலப் போராட்டத்துல நடந்த துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் செத்தப்போ நான் காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தேன். அம்மா அன்னிக்கு உலை வைக்கல.

மண்ணு போனப்புறம் ஆயா கையில தங்கினது விதை மட்டுந்தான். பரங்கி விதையைச் சாணியில பதிச்சு, வறட்டி மாதிரி சுவத்துல அறைஞ்சு வைப்பாங்க. பூச்சி அண்டாது. எங்க வேலியில ஏறியிருக்கறது அந்த வழியில வந்த கொடிதான்.

ஆபீசுல எனக்கு ஒரு கூட்டாளி. பக்கத்து மேசை. அவங்க வீட்டு மாடியிலயும் தொட்டி வச்சிருந்தாங்க. செடிப் பேச்சுதான் எங்களைச் சேத்து வச்சது. அவங்க பிச்சி பதியன் குடுத்தாங்க. நான் ஆயாவோட பரங்கி விதை குடுத்தேன். "ஊர்ல எங்கம்மாவுக்கும் கொஞ்சம் குடுங்க" ன்னு கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்க. என் டிபன் பாக்ஸ்ல அவங்க கை வைக்காததை நான் கவனிச்சேன். வயித்துக்கு ஒத்துக்காதுன்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். நம்பணும்னு ஆசை.

2011 மே மாசம் அவங்க ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு பஸ் மாறி, வெயில்ல வெந்து போய் இறங்கினோம். வழியெல்லாம் சிரிப்பும் பேச்சுந்தான். வெள்ளரிப் பிஞ்சு வாங்கி ஆளுக்குப் பாதியாக் கடிச்சோம். வீட்டுத் திண்ணையில உக்காந்ததும் அவங்க மாமா வந்தார். "எந்த ஊரும்மா?" சொன்னேன். "ஊர்லயா, காலனியா?"

அந்தக் கேள்வியை நீங்க எத்தனை பேர் கேட்டிருப்பீங்க! காலனின்னு சொன்னேன். பொய் சொல்லத் தெரியாம இல்லை. பொய் சொல்ல இஷ்டமில்லை.

அதுக்கப்புறம் யாரும் உள்ள வாம்மான்னு கூப்பிடல. இலை திண்ணைக்கே வந்தது. கூட்டாளி தன் இலையையும் எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. தலை நிமிரல. கை கழுவறதுக்கு வீட்டைச் சுத்திக் கொல்லைப்புறம் போகச் சொன்னாங்க. போனேன். அங்க அடுப்படி ஓட்டு மேல பரங்கிக் கொடி படர்ந்து கிடந்தது. ஆயாவோட பரங்கி. அந்த ஆழமான வரியும், காம்புகிட்ட இருக்கிற கறுப்புப் பச்சையும் எனக்குத் தெரியாதா? கூரை மேல ஏழெட்டுக் காய். எங்க ஆயா விதை அவங்க அடுப்படிக் கூரையேறிடுச்சு. நான் திண்ணையைத் தாண்டல. அன்னிக்கு இலையில போட்ட கூட்டும் பரங்கிதான்.

திரும்பி வர்ற பஸ்ஸுல கூட்டாளி அழுதாங்க. "உங்க அம்மாகிட்ட அது யாரு விதைன்னு சொல்லியிருக்கீங்களா?" ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். பதில் வரல.

வீட்டுக்கு வந்து, இனிமே யாருக்கும் விதை குடுக்க மாட்டேன்னு குதிச்சேன். அம்மா, "பூட்டி வச்சா முளைக்காதுடி. ஆயா அப்படி நினைச்சிருந்தா உனக்கு ஏது கொடி?" ன்னாங்க. அம்மா சொன்னது சரிதான். ஆனா முழுக்கச் சரின்னு என்னால ஒத்துக்க முடியல. காலங்காலமா நாத்தையும் விதையையும் உழைப்பையும் எடுத்துக்கிட்டு ஆளை மட்டும் வாசல்லயே நிறுத்தறாங்க. குடுக்கறது எங்க பெருந்தன்மைன்னு நாமளும் சும்மா இருந்துட்டா, அது அப்படியேதான் நடக்கும்.

அதனால ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கேன். விதை கேட்டா வீட்டுக்கு வரணும். அம்மா கையால சோறு தின்னுட்டுத்தான் விதை. இதைக் கேட்டுட்டு வராமப் போனவங்க உண்டு. போகட்டும்.

கூட்டாளி வர மூணு வருஷம் ஆச்சு. ஒரு சித்திரை ஞாயித்துக்கிழமை மகளையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அம்மா கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தாங்க, வேணும்னேதான். அந்தப் பொண்ணு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னுச்சு. கூட்டாளி சாம்பார் ஊத்திக்கிட்டாங்க, அதுவும் எங்க அடுப்புல வெந்ததுதான். கிளம்பும்போது அம்மா அந்தப் பொண்ணு கையில விதையைக் குடுத்து, "உங்க ஆயாகிட்ட இது காலனி விதைன்னு சொல்லு கண்ணு" ன்னாங்க. சொல்றேன் பாட்டின்னு தலையாட்டுச்சு.

சொல்லிச்சான்னு நான் கேட்டுக்கல. அடுத்த வருஷமும் விதை கேட்டு வந்தது. சாப்பிட்டுட்டுத்தான் போச்சு.